காத்தாடி வருதாம்ல? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர், எங்க ஊர் செவக்காட்டுல நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டி ஒசரமா ஒரு கம்பம் நட்டு வச்சிருக்காங்க, செல்போன் டவர் மாதிரியும் தெரியல, என்னண்ணே அதுன்னு கேட்டிருந்தார். அது காத்து அளக்குற கம்பம், காத்தாலை, அதாவது நம்ம பேச்சுல காத்தாடி, போடலாமான்னு பாக்குறாங்கன்னு நாலு வரி எழுதுனேன். அவ்வளவுதான், இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸப் எல்லாத்துலயும் இதே பேச்சு. நான் பொறந்தது செட்டிநாட்டுல பள்ளத்தூர் பக்கம், பொழப்புக்குப் பதினெட்டு வருஷம் கெடந்தது ஆரல்வாய்மொழி, கயத்தாறுன்னு காத்தாடிக்குக் கீழயே. ரெண்டு பக்கமும் பாத்தவன்ங்கற உரிமையில இந்தத் தடவ முழுப் பக்கத்தையும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

அண்ணே, காத்தாடின்னா முப்பந்தல், பல்லடம், உடுமலைதானே? நம்ம பக்கம் வேர்வை காயவே காத்து பத்தாது, இங்க வந்து என்னத்த சுத்தப் போகுது?
— வாசகர், தேவகோட்டை

நியாயமான சந்தேகம்தான் தம்பி. மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழின்னு கணவாய் இருக்குல்ல, தென்மேற்குப் பருவக்காத்து அந்தச் சந்துல நெருக்கிப் பிதுங்கி வெளிய வர்றப்ப வேகம் எடுக்குது, அதுக்கு நேரா இருக்கற ஊர்கள்லதான் காத்தாடி காடு மாதிரி நிக்குது. 1986லயே தூத்துக்குடி பக்கம் மாதிரிக்குப் போட்டுப் பாத்து ஆரம்பிச்ச கதை இது. நம்ம செட்டிநாடு எந்தக் கணவாய்க்கும் நேர் கெடையாது.

அப்பறம் ஏன் வர்றாங்கன்னா, ஒசரம். நான் வேலைக்குச் சேந்தப்ப ஓடுன 250 கிலோவாட் மெஷினெல்லாம் 30 மீட்டர் ஒசரத்துல சுத்துச்சு, இப்ப வர்றது 120, 140 மீட்டர்ல, பிளேடு நேரா மேல நிக்கறப்ப அதோட முனை 200 மீட்டரத் தொட்டுரும். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடின்னு சொல்வாங்க, அந்த மாதிரி மூணு, ஒண்ணு மேல ஒண்ணு வச்சா வர்ற ஒசரம். கீழ மரம், வீடு, வரப்புன்னு ஒரசி ஒரசித் தளர்ந்து போற காத்து மேல போகப் போக வேகம் பிடிக்கும். சென்னையில இருக்கற தேசிய காற்று சக்தி நிறுவனம் போட்ட கணக்குலயே தமிழ்நாட்டுல 100 மீட்டர் ஒசரத்துல சுமார் 33,800 மெகாவாட் எடுக்கலாம்னு இருந்தது 120 மீட்டர்ல 68,000க்கு மேல போயிடுச்சு. அதனால முன்னாடி யாரும் திரும்பிப் பாக்காத எடத்துலயும் இப்ப கம்பம் நடுறாங்க.

ஆனா ஒண்ணு, காத்து வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு. செகண்டுக்கு 5 மீட்டர் அடிக்கற எடத்தையும் 7 மீட்டர் அடிக்கற எடத்தையும் வச்சுப் பாத்தா கையில எடுத்து வித்தியாசம் தெரியாது, கரண்ட்ல கிட்டத்தட்ட 2.7 மடங்கு வித்தியாசம் வரும். அதனால ஒரு முழு வருஷமாவது அளக்கணும், ஆடிக் காத்த மட்டும் அளந்துட்டு ஆஹான்னு கணக்குச் சொன்னா நம்பாதீங்க. அளந்து பாத்து சரிப்படலன்னு கம்பத்தக் கழட்டிட்டுப் போனதும் உண்டு, அதனால கம்பம் நட்டதும் நெலத்து வெலைய ஏத்தி கடன வாங்கிடாதீங்க.

காத்தாடி வந்தா மழை மேகத்தக் கலைச்சு விட்டுரும்ங்கறாங்களே, உண்மையா?
— விவசாயி, கல்லல்

இல்லண்ணே. காத்தாடி போன ஊர்ல எல்லாம் இந்தப் பேச்சு கூடவே போயிருக்கு. மழை மேகம் நிக்கற ஒசரமும் அளவும் வேற, ஒரு காத்தாடி அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அதோட நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில வர்ற வடகிழக்குப் பருவமழை, காத்து சீசனோ வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும். நமக்கு மழை பெய்யற மாசத்துல பாதி நாள் காத்தாடி சும்மாதான் நிக்கும். தண்ணிக்கு ஆபத்து உண்டு, ஆனா மேல இருந்து இல்ல, தரையில இருந்து, அத இன்னொரு கேள்வியில சொல்றேன்.

எங்க அப்பச்சி காலத்துப் புஞ்சை பதினோரு ஏக்கர் கூட்டுப் பட்டால கெடக்கு. பங்காளி நாலு வீடு, ஒருத்தர் மலேசியால, ஒருத்தர் பெங்களூர்ல. புரோக்கர் ஒருத்தர் வந்து நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும், அட்வான்ஸ் இந்தாங்கன்னு நிக்கறார். போடலாமா?
— ஒரு ஆச்சி, கானாடுகாத்தான் (இப்ப சென்னை)

போடாதீங்க ஆச்சி, இன்னைக்குப் போடாதீங்க. நம்ம ஊர்ல பாதி நெலம் இப்படித்தான் கெடக்கு, ஆள் ஒரு எடம், பட்டா ஒரு எடம், நெலம் எது எல்லை எதுன்னு தெரிஞ்ச கடைசி ஆளும் போய்ச் சேந்தாச்சு. அது புரோக்கருக்கு நல்லாவே தெரியும். பாகம் பிரிக்காத சொத்துல உங்க ஒரு கையெழுத்து மத்த மூணு வீட்டையும் கட்டுப்படுத்தாது, நாளைக்கு வழக்குன்னு வந்தா அட்வான்ஸ் வாங்குன நீங்கதான் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடக்கணும், புரோக்கர் போன எடுக்க மாட்டார். முதல்ல வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, புலப்படம் (நெலத்து எல்லைய அளந்து போட்ட வரைபடம்) மூணையும் எடுங்க, நாலு வீட்டையும் ஒரு வீடியோ கால்ல உக்கார வைங்க, கல்யாணத்துக்கும் கோயில் புள்ளிக்கும் கூப்புடறோம்ல, இதுக்கும் கூப்புடலாம்.

அப்பறம் அவர் நீட்டுற பேப்பர் விற்பனையா, குத்தகையா, இல்ல இப்போதைக்குப் புடிச்சு வைக்கற ஒப்பந்தமான்னு வக்கீல விட்டுப் படிக்கச் சொல்லுங்க. புடிச்சு வைக்கற ஒப்பந்தம்னா கம்பெனி வந்தாலும் வரலன்னாலும் உங்க நெலம் அவங்க கையில மாட்டிக்கிட்டுக் கெடக்கும், அதுக்கு முடிவு தேதி எழுதி வாங்கலன்னா வருஷக்கணக்குல வேற யாருக்கும் குடுக்க முடியாது. குத்தகைன்னா 25, 30 வருஷம் கேப்பாங்க, ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைப் பத்திரம் கட்டாயம் ரிஜிஸ்டர் பண்ணணும், முத்திரைத்தாள்ல எழுதிக்கிட்டா போதும்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

பணம் எவ்வளவு கேக்கறதுன்னு தெரியாமத்தான் நம்ம ஆளுங்க ஏமாறுறது. ஒரு கணக்கு சொல்றேன். 2 மெகாவாட் காத்தாடி ஒண்ணு, முழு சக்தியில நூத்துக்கு 25 பங்கு ஓடுதுன்னு வச்சுக்கிட்டாலே வருஷத்துக்கு 43 லட்சத்து 80 ஆயிரம் யூனிட். யூனிட் 3 ரூபாய்னு வச்சாக்கூட ஒரு கோடியே 31 லட்சம். அதுல பேங்க் கடன், மெயின்டனன்ஸ் எல்லாம் போகணும், அத மறுக்கல, ஆனா இந்தத் தொகைய மனசுல வச்சுக்கிட்டு அவங்க சொல்ற வருஷ வாடகையப் பாருங்க, அப்பத்தான் பேரம் பேசத் தைரியம் வரும். வாடகை வருஷா வருஷம் ஏறணும். காத்தாடி நிக்கற எடம் வேற, ரோட்டுக்கு விடுற பாதை வேற, கம்பி போற பாதை வேற, மூணுக்கும் தனித்தனியா எழுதுங்க. காலம் முடிஞ்சதும் யார் செலவுல கழட்டறது, பூமிக்குள்ள கெடக்கற கான்கிரீட்ட எத்தன அடி ஆழம் வரைக்கும் எடுக்கறது, பிளேட எங்க கொண்டு போறது, இதுவும் பத்திரத்துல வரணும். பிளேடு கண்ணாடி இழையும் பிசினும் சேந்தது, பழைய இரும்பு எடைக்குப் போடற மாதிரி எவனும் எடுக்க மாட்டான், உங்க பேரன் காலத்துல அது புஞ்சையில படுத்துக்கெடக்கும்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்பன்னு கேட்டா அதெல்லாம் கெடையாதுங்கறாங்க. எங்ககிட்ட கேக்காமயே போட முடியுமா சார்?
— கல்லூரி மாணவி, புதுவயல்

முடியும்மா. இது பல பேருக்குத் தெரியாது. 2006ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோட பட்டியல்லயே காத்தாலை இல்ல, அதனால அந்த அனுமதியும் வேண்டாம், அதோட வர்ற கருத்துக் கேட்பும் கெடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்குல இது வெள்ளை வகை, அதாவது மாசு ஏறக்குறைய இல்லாத தொழில். பொகை இல்ல, கழிவுத் தண்ணி இல்லங்கற அளவுல அது சரிதான், நான் காத்தாடிக்கு எதிரி இல்ல, என் வீட்டு அடுப்பு பதினெட்டு வருஷம் அதுலதான் எரிஞ்சுது. ஆனா பொகை வராதுங்கறதுக்காக ஊர்க்காரன ஒரு வார்த்தை கேக்க வேண்டாம்னு ஆனது எனக்கு இன்னைக்கும் மனசுக்கு ஒப்பல.

மிச்சம் இருக்கற ஒரே எடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துல ஆறு நாள். தீர்மானம் போட்டா வேலை தானா நின்னுரும்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா எந்தெந்த சர்வே நம்பர், ரோடு எந்த வழி, சப்-ஸ்டேஷன் எங்கன்னு வரைபடத்தோட வந்து சொல்லணும்னு தீர்மானம் போட்டுப் பதிவு பண்ணிட்டா நாளைக்கு கலெக்டர் ஆபீஸ் போறப்ப கையில ஒரு பேப்பர் இருக்கும். அரசு ஆபீஸ்ல என்ன குடுத்திருக்காங்கன்னு தெரியணும்னா 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடு, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். நீ படிச்ச புள்ள, நீதான் எழுதணும்.

சத்தம் வருமாமே? எங்க வீட்டுல இப்ப அம்மா மட்டும்தான் இருக்காங்க, ராத்திரி தூக்கம் வேற கம்மி.
— வாசகி, ஆத்தங்குடி

வரும் தங்கச்சி, எவ்வளவு தூரத்துலங்கறதுதான் பேச்சு. கிட்டத்துல நின்னா துணி தொவைக்கற கல்லுல ஈரச் சேலைய மெதுவா மெதுவா அடிக்கற மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு வந்துக்கிட்டே இருக்கும், பகல்ல காது பழகிரும், ராத்திரி பழகாது. மத்திய அரசோட 2016 வழிகாட்டுதல்ல சத்தத்துக்காகக் குடியிருப்புல இருந்து 500 மீட்டர் தள்ளிப் போடணும்னு இருக்கு. ரோடு, கட்டடத்துக்கெல்லாம் டவர் ஒசரத்தோட பிளேடு வட்டத்துல பாதியும் 5 மீட்டரும் கூட்டி அவ்வளவு தூரம் விடணும். ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில ராத்திரி 45 டெசிபல்தான் வரம்பு. டவுன்ல இந்த 45 பெருசாத் தெரியாது, நம்ம ஊர்ல பத்து வீட்டுக்கு எட்டு வீடு பூட்டிக் கெடக்கு, ராத்திரி கடிகார முள்ளு சத்தமே வளவு (நடு முற்றம்) தாண்டிக் கேக்குது, அங்க அதே 45 பெருசாத்தான் இருக்கும். அதனால 500ங்கறது கொறஞ்சபட்சம், எங்க ஊருக்கு இன்னும் தள்ளிப் போடுங்கன்னு கேக்கறதுல தப்பே இல்ல.

நெழலையும் கேட்டு வைங்க, இத யாரும் கேக்கறதில்ல. சூரியன் தாழ இருக்கற காலையிலயும் சாயங்காலமும் பிளேடு நெழல் ரொம்ப தூரம் விழும், சுத்தச் சுத்த வீட்டுக்குள்ள வெளிச்சம் வெட்டி வெட்டி வரும். நம்ம வீடுகள்ல முகப்புல நின்னா பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு தாண்டி பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோடு, கதவத் தொறந்தா வெயில் நூறு அடி உள்ள வரும், கிழக்கயோ மேக்கயோ காத்தாடி நின்னா அந்த நெழலும் அதே வழியாத்தான் உள்ள வரும். ஜெர்மனில வருஷத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 30 நிமிஷத்துக்கு மேல ஒரு வீட்டுல அந்த நெழல் விழக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. எந்த வீட்டுல எத்தன மணி நேரம் விழும்னு கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே போட்டுப் பாத்துரலாம், கம்பெனிகிட்ட அந்த சாஃப்ட்வேர் இருக்கும், ஊருக்கும் காட்டச் சொல்லுங்க.

ரோடு போட்டுத் தர்றேங்கறாங்க, ஊர்ல பாதிப் பேருக்கு அதுலயே சந்தோஷம். நீங்க என்ன சொல்றீங்க?
— ஊராட்சி முன்னாள் வார்டு மெம்பர், கண்டனூர் பக்கம்

இந்தக் கேள்விக்காகத்தான் மெம்பர் இந்தப் பக்கமே எழுத ஒக்காந்தேன்.

காத்தாடி நிக்கற எடம் கொஞ்சம்தான், அஸ்திவாரம் சுமார் 20 மீட்டர் வட்டம். அந்த எடத்துக்கு அறுபது எழுபது மீட்டர் நீளப் பிளேடு ஒரே துண்டா டிரெய்லர்ல வரணும், பெரிய கிரேன் வரணும், அதுக்கு வளைவே இல்லாத அகலமான, லோடு தாங்கற ரோடு வேணும். ஒவ்வொரு காத்தாடிக்கும் ஒரு கெளை. செவக்காட்டுல கிராவல் கொட்டி ஒசத்தித்தான் போடுவாங்க. ரோடு நல்லதுதான். ஆனா நம்ம ஊர் தரையப் பாருங்க, வறண்ட பூமிதானன்னு தோணும், ஒரு மழை பெஞ்சா மட்டும்தான் தெரியும் அதுல எத்தன வரத்துக்கால் ஓடுதுன்னு. பெரிய ஆறுன்னு ஒண்ணும் ஓடாத இந்த மண்ணுல ஊருக்கு மூணு ஊருணி வெட்டி, பொட்டல்ல விழற மழைய முழங்கால் ஆழ ஓடை வழியா கூட்டிட்டு வந்து, ஒண்ணு நெறஞ்சு ஒண்ணுக்குப் போற மாதிரி செஞ்சு வச்சுட்டுப் போயிருக்காங்க நம்ம பெரியவங்க. அந்த ஓடையில பாதிக்கு மேல இப்ப சீமைக்கருவேலம் மூடிக் கெடக்கறதால வெளியூர் இன்ஜினியர் கண்ணுக்கு அது ஓடையாவே தெரியாது.

எனக்கு இது நேர்ல நடந்துச்சு. காத்தாடிக்கு இல்ல, எங்க ஊருக்கு மேக்க ஒரு குவாரிக்கு ரோடு போட்டாங்க, ரெண்டு அடி ஒசத்தி. வரத்துக்கால் குறுக்க வர்ற எடத்துல ஒரே ஒரு சிமெண்ட் குழாய், கைய விட்டா தோள்பட்டை முட்டும், அவ்வளவுதான் அகலம். அந்த ஐப்பசியில நாலு நாள் கொட்டுச்சு மழை. லீவுல ஊருக்கு வந்தவன் மம்பட்டியோட போய்ப் பாத்தேன், ரோட்டுக்கு மேக்க கடலை போட்ட புஞ்சையில முழங்கால் தண்ணி, குழாய் வாயில முள்ளும் செத்தையும் ஒரு அறுந்த செருப்பும் அடைச்சுக்கிட்டு நிக்குது. கெழக்க ஊருணிக்குப் போனா செம்புறாங்கல் படி பதினொண்ணையும் எறங்கி அடிமண்ணுல நின்னேன், செருப்புல ஈரம் ஒட்டல. என் ஆயா குடிதண்ணிக்கு எறங்குன படி அது. மேக்க இருந்தவருக்குக் கடலை அழுகிப் போச்சு, கெழக்க இருந்த எங்களுக்குத் தண்ணி இல்ல, ரெண்டு தெருவுக்கும் சண்டை வந்து இன்னைக்கு வரைக்கும் பேச்சு சரியில்ல. ஒரு குழாயோட அகலத்துனால வந்தது இவ்வளவும்.

அதனால மெம்பர், ரோடு வேண்டாம்னு சொல்லாதீங்க. மழை பெய்யறப்ப கம்பெனி இன்ஜினியரக் கூட்டிட்டு நடங்க, இதுதான் நான் கேக்கறது. ஐப்பசியில ஒரு நாள், குடையப் புடிச்சுக்கிட்டு, ஊர்ல பழைய மடை பாத்தவர், இல்லன்னா ஆடு மேய்க்கற பெரியவர் யாராவது ஒருத்தர முன்னாடி விட்டு நடந்தா தண்ணி எது எதுவழியாப் போகுதுன்னு இன்ஜினியர் தன் கண்ணாலயே பாத்துருவார். எங்கெங்க தண்ணி குறுக்க வருதோ அங்க குழாய் இல்ல, சின்னப் பாலம், ஆள் குனிஞ்சு போய்ச் சுத்தம் பண்ற அளவுக்கு. புலப்படத்துல அந்த எடத்த செவப்பு மையில குறிச்சு கம்பெனியும் ஊரும் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடணும். வருஷா வருஷம் புரட்டாசிக்குள்ள தூர் வாரறது யார் பொறுப்புன்னும் எழுதணும். கண்மாய், ஊருணி, ஓடைப் பொறம்போக்குல அஸ்திவாரமோ ரோடோ வரவே கூடாது. பஞ்சமி நெலம், அதாவது பட்டியல் சாதி மக்களுக்கு அரசு அந்தக் காலத்துல ஒதுக்குன நெலம், பக்கத்துல இருந்தா கிராம நெலக் கணக்கான 'அ' பதிவேட்டப் பாத்துருங்க, அந்த நெலத்த மத்தவங்க வாங்குனா செல்லாது.

இன்னொண்ணு, டிரெய்லர் திரும்பறதுக்குத் தெரு மொனையில இருக்கற பழைய மதிலயோ தேர் முட்டியையோ இடிக்கணும்னு கேட்டா மாத்துவழி பாக்கச் சொல்லுங்க. செட்டிநாட்டு ஊர்கள் 2014ல இருந்து யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல இருக்கு, இடிச்ச மதிலத் திரும்பக் கட்ட அந்தச் சுண்ணாம்பு அரைக்கற கைய எங்க தேடறது?

நாங்க கீதாரி வீடு, ஆட்டுக்கிடை போட்டுப் பொழைக்கறவங்க. காத்தாடிக்கு வேலி போட்டா கிடை எங்க போடறது?
— வாசகர், இளையான்குடி பக்கம்

முப்பந்தல்ல காத்தாடி காலடியிலயே ஆடு மேயுது அண்ணே, நானே தெனம் பாத்திருக்கேன், நெழல் இருக்கறதால மத்தியானம் அங்கதான் படுக்கும். காத்தாடியால மேய்ச்சல் போகாது, வேலியால போகும். டவரச் சுத்தியும் டிரான்ஸ்ஃபார்மரச் சுத்தியும் மட்டும் வேலி, மத்தபடி தொறந்து கெடக்கணும்னு ஊரோட சேந்து கேளுங்க. பட்டா உங்க பேர்ல இல்லாததால உங்கள யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டாங்க, கூப்பிடாமயே போய் ஒக்காருங்க.

ஊருக்கு இலவச கரண்ட், வீட்டுக்கு ஒரு வேலைன்னு சொல்றது நெஜமா?
— வாசகர், கோட்டையூர்

கரண்ட் நேரா கிரிட்டுக்கு, அதாவது ஊர் ஊரா ஓடற பொது மின்கம்பி வலைக்குப் போயிரும், உங்க மீட்டர்ல ஒரு ரூபாய் கொறையாது. கட்டுற ஒரு வருஷம் கூலி வேலை கெடைக்கும், அப்பறம் வாட்ச்மேன், டெக்னீஷியன்னு கொஞ்சம் பேர்தான். காரைக்குடியில ஐடிஐ, பாலிடெக்னிக் படிச்ச புள்ளைங்களுக்கு டெக்னீஷியன் பயிற்சி குடுத்து எடுக்கணும்னு எண்ணிக்கை போட்டுக் கேளுங்க, வீட்டுக்கு ஒண்ணுன்னு வாயால சொல்றத நம்பி இருக்காதீங்க.

வேட்டங்குடிப் பறவைகளுக்கு ஏதும் ஆகுமா? நினைச்சாலே பயமா இருக்கு.
— ஆசிரியை, திருப்பத்தூர்

உங்க பயம் எனக்கும் இருக்கு டீச்சர். 1977ல சரணாலயமா அறிவிச்ச எடம், அதுக்கு முன்னாடி இருந்தே கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க காத்து வச்சிருக்கற எடம், தீபாவளிக்கு ஊரே வெடி வைக்காம இருக்கறது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை எல்லாம் கூடு கட்டுற மழைக்காலத்துல காத்தாடி மெதுவாத்தான் சுத்தும், அது ஒரு ஆறுதல். ஆனா பறவை சரணாலயத்துக்குள்ளயே இருக்காது, விடியக்காலம் ஒரு கண்மாய், பொழுதுசாய இன்னொரு கண்மாய்னு இருபது கிலோமீட்டர் போய் மேஞ்சுட்டு வரும். காத்தாடிய விட அதுல இருந்து சப்-ஸ்டேஷனுக்குப் போற கம்பிதான் எனக்குப் பயம், பெரிய நாரைக்கு மங்கல் வெளிச்சத்துல கம்பி தெரியாது, தெரியறப்ப திரும்ப முடியாது. கண்மாய்க்குப் பக்கத்துல கம்பிய பூமிக்கடியில கொண்டு போகலாம், முடியாத எடத்துல பறவைக்குத் தெரியற மாதிரி தட்டு மாட்டலாம், ரெண்டுமே புதுசு இல்ல, நடக்கற வேலைதான்.

உங்க பள்ளிக்கூடப் புள்ளைங்கள வச்சு ஒண்ணு பண்ணுங்க. ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் வாரம் ஒரு நாள் விடியக்காலம், எந்தப் பறவை எந்தப் பக்கமாக் கெளம்புது, எத்தனன்னு நோட்டுல எழுதச் சொல்லுங்க, தேதி, நேரத்தோட. கம்பெனி வந்து நாங்க சர்வே பண்ணிட்டோம், பறவையே இல்லன்னு சொன்னா எந்த மாசம் பண்ணீங்கன்னு கேட்டுட்டு அந்த நோட்ட எடுத்து மேசையில வைங்க. கோடையில வந்து எண்ணுனா கண்மாய்ல கொக்குகூட இருக்காது.